ஒரே வேலை, எட்டாயிரம் கம்மி: ஓசூர் ஃபேக்டரி கவுன்சலர் கேட்ட கேள்விக்கு பதில்

கேள்வி: ஓசூர் சிப்காட்ல ஒரு வண்டி உதிரிபாக கம்பெனில எம்ப்ளாயி கவுன்சலரா இருக்கேன் மேடம். எம்எஸ்சி சைக்காலஜி. சம்பளம் போடறது பெங்களூர்ல இருக்கற ஒரு வெண்டர். 2024 ஜூன்ல சேர்ந்தேன், இப்ப 26,000 வருது. 2025 ஜூன்ல அதே வெண்டர் மூலமா, அதே படிப்பு, முன் அனுபவம் இல்லாத ஒரு ஆண் சேர்ந்தார், அவருக்கு 34,000. கேட்டா "அவர் டெசிக்னேஷன் வேற, நைட் ஷிஃப்ட் பாக்கறார், ஆள் எடுக்கும்போது டெஸ்ட் போடறார், அதோட நீங்க ஒர்க்கரே கிடையாது, லேபர் சட்டம் உங்களுக்கு வராது"ங்கறாங்க. சம்பளத்த வெளிய பேசக்கூடாதுன்னு கையெழுத்தும் வாங்கிருக்காங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் 15,000 குடுத்தா லேபர் ஆபீஸ்ல முடிச்சு தரேங்கறார். இன்னொருத்தர் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸ் எடுத்தா சம்பளம் தானா ஏறும்ங்கறார். வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?

பதில்:

மொதல்ல அந்த பதினஞ்சாயிரத்த குடுக்காதீங்கம்மா. இத சொல்லிட்டு தான் சட்டத்துக்கே வருவேன், ஏன்னா கிருஷ்ணகிரி மாவட்டத்துல லேபர் கேஸ் பாக்கற எங்கிட்ட வர்ற பொண்ணுங்கள்ல நெறைய பேர் ஏற்கனவே இப்படி யாருக்காவது காசும் குடுத்து கையெழுத்தும் போட்டுட்டு அப்பறமா தான் வர்றாங்க. இந்த ஆளுங்க பிஎஃப் கன்சல்டன்ட்னு போர்டு வெச்சிருப்பாங்க, இல்லன்னா முன்னாடி யூனியன்ல இருந்தேம்பாங்க, ஆபீசர் நமக்கு வேண்டியவர் ஒரு போன் போதும்பாங்க. உங்ககிட்ட ஒரு தொகைய வாங்கிட்டு நேரா உங்க வெண்டர்கிட்ட போய் "இந்தம்மா கேஸ் போடப் போகுது, நான் பேசி முடிச்சு விடறேன்"னு அங்கயும் ஒரு தொகை வாங்கிக்குவாங்க. கடைசில உங்ககிட்ட எழுதாத ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு கையெழுத்து, அதுல பின்னாடி "எனக்கு வர வேண்டிய பாக்கி எல்லாம் வந்துடுச்சு, சொந்த விருப்பத்துல வேலைய விட்டு நின்னுக்கறேன்"னு அடிச்சுக்குவாங்க. இந்த கேஸ்ல 15,000 ரூபாய்னு எந்த ஃபீஸும் கிடையாது. ஆபீசரை "பாக்க" யாரும் தேவையில்ல, நீங்களே மனு எழுதி குடுக்கலாம்.

இப்ப சட்டம். "நீங்க ஒர்க்கர் இல்ல"ங்கறது ஹெச்ஆர் ஆளுங்க எப்பவும் சொல்ற பழைய பாட்டு. வேலைய விட்டு தூக்கினா தொழில் தகராறு போடலாமாங்கற கேள்விக்கு தான் அந்த விவாதம் எல்லாம். சம்பளத்துல ஆண் பெண் பேதம் பாக்கறதுக்கு அது செல்லாது. 1976ல வந்த சம ஊதிய சட்டம் இவ்ளோ நாள் இருந்துச்சு, 2025 நவம்பர் 21ல இருந்து அதுக்கு பதிலா ஊதிய சட்டத்தொகுப்பு 2019 அமல்ல இருக்கு. அதோட 3வது பிரிவு ஒரே முதலாளிகிட்ட ஒரே வேலை, இல்லன்னா ஒரே மாதிரியான வேலை பாக்கறவங்களுக்கு சம்பளத்துல பாலின பேதம் காட்டக்கூடாதுங்குது. அங்க "எம்ப்ளாயி"ங்கற வார்த்தைல மேனேஜர், டெக்னிக்கல், சூப்பர்வைசர், கிளார்க் எல்லாருமே வர்றாங்க, சம்பள உச்சவரம்பும் கிடையாது. எம்எஸ்சி படிச்ச கவுன்சலர் கண்டிப்பா வருவாங்க.

உங்க ரெண்டு பேருக்கும் சம்பளம் போடறது அதே வெண்டர், அதனால "ஒரே முதலாளி"ங்கற முதல் கதவு உங்களுக்கு திறந்தே இருக்கு. அவர் கம்பெனியோட நேரடி ரோல்ல இருந்திருந்தா கதையே வேற, ஆனா உங்களுக்கு அந்த பிரச்சன இல்ல, விட்டுடுங்க. வெண்டர் குடுக்க வேண்டியத குடுக்கலன்னா கடைசில கம்பெனி தான் பொறுப்பேத்துக்கணும்னும் சட்டத்துல இருக்கு, அதனால மனுல ரெண்டு பேரையும் எதிர்தரப்பா போடுங்க.

அடுத்தது "டெசிக்னேஷன் வேற". உங்க லெட்டர்ல வெல்ஃபேர் கவுன்சலர்னும் அவர் லெட்டர்ல ஆர்கனைசேஷனல் சைக்காலஜிஸ்ட்னும் இருக்கும், நான் பாத்த வரைக்கும் இந்த பேர் வித்தியாசம் இல்லாம வந்ததில்ல. சட்டம் பேர பாக்காது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இந்த நாலும் ஒண்ணா, வேலை பாக்கற சூழ்நிலை ஒரே மாதிரியா, சின்ன வித்தியாசம் இருந்தாலும் அது நடைமுறைல பெருசா ஒண்ணும் இல்லாத வித்தியாசமாங்கறத தான் பாக்கும். 1987லயே சுப்ரீம் கோர்ட் மக்கின்னன் மெக்கன்சி கம்பெனி கேஸ்ல இத தெளிவா சொல்லிடுச்சு. ஆட்ரி டிகோஸ்டான்னு ஒரு ஸ்டெனோகிராஃபர். அந்தம்மாவும் அவங்க மாதிரி பெண்களும் பெரிய அதிகாரிங்களுக்கு தனியா வேலை பாக்கற "கான்ஃபிடென்ஷியல்" ஸ்டெனோ, ஆம்பள ஸ்டெனோ வேற பிரிவு, அதோட யூனியனோட ஒப்பந்தம் வேற போட்டாச்சுன்னு கம்பெனி வாதாடுச்சு. கோர்ட் எதையும் ஏத்துக்கல, கம்பெனிக்கு பணக்கஷ்டம்ங்கறதயும் ஏத்துக்கல. இன்னொன்னும் கவனிங்க, அந்தம்மா வேலைல இருந்து நிறுத்தப்பட்ட அப்பறம் தான் கேஸ் போட்டாங்க, அப்படியும் ஜெயிச்சாங்க.

இனி நைட் ஷிஃப்ட். இது தான் உங்க கேஸ்ல உண்மையாவே சண்ட நடக்கற இடம், அதனால பொறுமையா படிங்க. அவர் நிஜமாவே நைட் பாக்கறார்னா அதுக்கு கொஞ்சம் கூட குடுக்கறது தப்பில்ல, சட்டமும் தடுக்கல. ஆனா அது எந்த லைன்ல வருதுன்னு பாக்கணும். அவர் சம்பள ஸ்லிப்ல "நைட் அலவன்ஸ் 2,000"ன்னு தனியா ஒரு லைன் இருந்து, நைட் போகாத மாசம் அது வரலன்னா, அது நியாயமான வித்தியாசம், அந்த 2,000த்த நீங்க கேக்க முடியாது. மீதி 6,000 எதுக்குன்னு தான் அவங்க பதில் சொல்லணும். அப்படி தனி லைனே இல்லாம பேசிக்லயே கூட போட்டிருந்தா, லீவ் எடுத்த மாசமும் டே ஷிஃப்ட் பாத்த மாசமும் அவருக்கு அதே 34,000 தான் வந்திருக்கும், அப்ப நைட் ஷிஃப்ட்ங்கறது கேட்ட அப்பறம் கண்டுபிடிச்ச காரணம், அவ்ளோ தான். இன்னும் ஒரு தந்திரம் இருக்கு. பேசிக் ரெண்டு பேருக்கும் ஒண்ணுனு காட்டிட்டு வித்தியாசத்த வீட்டு வாடகை படிலயும் பெட்ரோல் படிலயும் கொண்டு போய் ஒளிச்சு வெப்பாங்க. மத்த பல கணக்குக்கு வீட்டு வாடகை, போக்குவரத்து, ஓவர்டைம் இதெல்லாம் பொதுவா "ஊதியம்"ல சேராது, ஆனா ஆண் பெண் சம ஊதிய கணக்குன்னு வரும்போது சேர்த்து தான் பாக்கணும்னு சட்டத்துலயே தனியா எழுதி வெச்சிருக்காங்க. இது பல ஹெச்ஆர் மேனேஜருங்களுக்கே தெரியாது. தெரிஞ்சவங்க சொல்றதில்ல.

அதுக்கும் மேல ஒரு கேள்வி இருக்கு: உங்கள நைட் பாக்கறீங்களான்னு யாராவது எப்பவாவது கேட்டாங்களா? பொண்ணுங்க சம்மதிச்சா பாதுகாப்பு ஏற்பாட்டோட ராத்திரி ஷிஃப்ட் பாக்கலாம்னு இப்ப சட்டம் இருக்கு. உங்களுக்கு அந்த வாய்ப்பையே குடுக்காம, "பொண்ணாச்சே"ன்னு அவங்களே முடிவு பண்ணிட்டு, அப்பறம் "நீங்க நைட் பாக்கல, அதான் கம்மி"ங்கறது பேதத்துக்கு மேல பேதம். அதனால இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க, "வண்டி, பாதுகாப்பு ஏற்பாடு இருந்தா நானும் நைட் ஷிஃப்ட் பாக்க தயார், எனக்கும் ரொட்டேஷன் குடுங்க"ன்னு. நிஜமாவே பாக்க முடியும்னா மட்டும் போடுங்க. சரின்னாங்கன்னா அலவன்ஸ் உங்களுக்கும் வரும், மாட்டோம்னாங்கன்னா அந்த பதில் மெயிலே உங்க சாட்சி.

ராத்திரி வேலைன்னு பேசறாங்களே, உங்க ராத்திரி எங்க கணக்குல வருது? இந்த தொழில்ல இருக்கற பொண்ணுங்க எங்கிட்ட சொல்றத கேட்டா வயிறு எரியும். பென்னாகரம், அரூர் பக்கத்துல இருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்தும் வந்து ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்கற பதினெட்டு பத்தொம்போது வயசு புள்ளைங்க ராத்திரி பதினோரு மணிக்கு அழுதா வார்டன் போன் போடறது லேடி கவுன்சலருக்கு தான், நைட் ஷிஃப்ட்ல உக்காந்திருக்கற ஆம்பள சைக்காலஜிஸ்ட்டுக்கு போறதில்ல. பாலியல் தொல்லை புகார் விசாரிக்கற உள் குழுவுல "நீங்க சைக்காலஜி படிச்சவங்க தானே"ன்னு மெம்பரா போட்டுடுவாங்க, விசாரணைல உக்காரணும், ஸ்டேட்மென்ட் எழுதணும், ரிப்போர்ட் போடணும். மகளிர் தின விழாவும் அவங்க தலைல தான். இதெல்லாம் பொறுப்பு இல்லையா? பொறுப்புன்னு சட்டம் சொல்ற அந்த வார்த்தைக்குள்ள இத்தனையும் அடக்கம், ஆனா யாரும் எழுதி வெக்கறதில்ல, ஏன்னா இது பொண்ணுங்க இயல்பா செய்யறதுன்னு ஒரு நெனப்பு. அவர் போடற டெஸ்ட் எக்செல்ல நம்பரா தெரியுது, நீங்க கேட்ட அழுகை எந்த ஷீட்லயும் தெரியல. அமெரிக்கால தொழில்சார் உளவியலாளர்களோட சங்கம் சையாப் (SIOP)னு இருக்கு, அவங்க மெம்பர்கள்கிட்டயே பல வருஷமா சம்பள சர்வே எடுக்கறாங்க, அங்கயும் ஆம்பளைங்க மேல பொம்பளைங்க கீழ தான். எந்த வேலைக்கு என்ன சம்பளம் நியாயம்னு அளந்து குடுக்கறதே தொழிலா வெச்சிருக்கறவங்களுக்குள்ளயே அந்த நிலைமைன்னா சிப்காட்ல கேக்கவா வேணும்.

டெஸ்ட் விஷயம் சின்னது. ஆள் எடுக்கும்போது போடற ஆப்டிட்யூட், பர்சனாலிட்டி டெஸ்ட் எல்லாம் பெரும்பாலும் ரெடியா வாங்கின சாஃப்ட்வேர், உக்கார வெச்சு லிங்க் குடுத்து ரிப்போர்ட் எடுக்கறது. அதுக்கு உங்க படிப்பும் போதும். எத்தன நாள், எத்தன மணி நேரம் அவர் அத பண்றார்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, அத உங்களுக்கும் குடுங்கன்னு அதே மெயில்ல எழுதிக் கேளுங்க.

அந்த லைசென்ஸ் ஆளு. இவர மாதிரி ஆளுங்க இப்ப பெருகிட்டாங்க, ஆறு மாச ஆன்லைன் டிப்ளமா, சர்டிஃபிகேட்ல தங்கக் கலர் முத்திரை, "கவர்மென்ட் ரெகக்னைஸ்டு" அப்படின்னு நாப்பதாயிரம் அம்பதாயிரம் வாங்கறாங்க. இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணணும்ங்கறது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு, அதுக்கு அந்த கவுன்சில் அங்கீகாரம் குடுத்த கிளினிக்கல் படிப்ப படிச்சிருக்கணும், எவனும் கூரியர்ல அனுப்பி வெக்க முடியாது. ஃபேக்டரில நீங்க பாக்கற வேலை அது இல்ல. முக்கியமா ஒண்ணு யோசிங்க, 34,000 வாங்கற உங்க சகாகிட்ட லைசென்ஸ் இருக்கா? நீங்க எழுதினதுல அப்படி எதுவும் இல்ல. அப்பறம் உங்ககிட்ட இல்லாததுனாலயா எட்டாயிரம் கம்மி? படிப்புல நீங்க சமமா நிக்கறீங்க, அனுபவத்துல ஒரு வருஷம் முன்னாடியே நிக்கறீங்க, இந்த சமயத்துல போய் புது சர்டிஃபிகேட் தேடினா "எனக்கு தகுதி பத்தல"ன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

இனி வெண்டர் செய்யக்கூடிய ஒரு வேலைய முன்கூட்டியே சொல்லிடறேன். நீங்க லெட்டர் குடுத்ததும் கூப்ட்டு ரொம்ப அன்பா பேசுவாங்க. "கன்சல்டன்ட்டா மாறிக்கோங்க மேடம், பிஎஃப் பிடிக்க மாட்டோம், கைக்கு 30,000 வரும், 10 பர்சன்ட் டிடிஎஸ் மட்டும் தான்"பாங்க. கைல கூட வருதேன்னு கையெழுத்து போட்டீங்கன்னா நீங்க எம்ப்ளாயியே இல்லன்னு அடுத்த நாளே சொல்லிடலாம், இந்த சட்டமே உங்களுக்கு இல்லன்னு வாதாடுவாங்க. ராஜினாமா பண்ணிட்டு புது டெசிக்னேஷன்ல சேருங்கம்பாங்க, அதுவும் அதே குழி தான். எந்த பேப்பர்லயும் அங்கயே உக்காந்து கையெழுத்து போடாதீங்க, வீட்டுக்கு கொண்டு போய் படிச்சுட்டு வரேன்னு சொல்லுங்க, தர மாட்டோம்னாங்கன்னா போடவே போடாதீங்க.

சம்பளத்த பேசக்கூடாதுன்னு போட்ட கையெழுத்துக்கு பயப்பட வேண்டாம். சட்டப்படி வர வேண்டிய தொகைய விட்டுக்கொடுக்கறேன்னு நீங்க எழுதியே குடுத்திருந்தாலும் அது செல்லாதுன்னு இருக்கு, அதிகாரிகிட்ட உங்க சொந்த சம்பளத்த சொல்றத ஒரு ஒப்பந்தம் எப்படி தடுக்கும்? ஆனா ஹெச்ஆர் டேபிள்ல இருக்கற சம்பள லிஸ்ட்ட போட்டோ எடுக்கறது, கம்பெனி மெயில உங்க ஜிமெயிலுக்கு தட்டி விடறது, இதெல்லாம் பண்ணாதீங்க, அத வெச்சே உங்கள திருட்டு கேஸ்னு மிரட்டுவாங்க. அவர் சம்பள விவரத்த ரெஜிஸ்டரோட கொண்டு வரச் சொல்லி அதிகாரியே கேக்கலாம். ரெஜிஸ்டர் வெக்கறதும் ஸ்லிப் குடுக்கறதும் முதலாளி கடமை. சம்பளம் சரியா குடுத்தோம்னு நிரூபிக்கறதும் அவங்க பொறுப்பு தான். நீங்க காட்ட வேண்டியது வேலை ஒரே மாதிரிங்கறது: ஆஃபர் லெட்டர், ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஷிஃப்ட் ரோஸ்டர், உள் குழுவுல போட்ட ஆர்டர், ஹாஸ்டல் வார்டன் கூப்ட்ட கால் லாக்.

உங்க தொழிலுக்குன்னே ஒரு எச்சரிக்கை. எத்தன பேருக்கு கவுன்சலிங் குடுத்தேன்னு காட்ட கேஸ் நோட்ஸ எடுத்துட்டு ஆபீசுக்கு போயிடாதீங்க. அதுல ஒரு புள்ளையோட பேர், அவ வீட்டு கதை, தற்கொலை எண்ணம் எல்லாம் இருக்கும். அந்த பேப்பர் எதிர்தரப்பு கைக்கும் போகும், ஃபேக்டரிக்குள்ள போகும். உள் குழு விசாரணை பேப்பரும் அதே மாதிரி ரகசியம், வெளிய விட்டா உங்க மேலயே நடவடிக்கை வரும். தேதி, எத்தன பேரு, எத்தன மணி நேரம், இத மட்டும் ஒரு நோட்டுல எழுதி அத குடுங்க. போதும்.

அந்த ஆண் சகாவையும் எதிரியா பாக்காதீங்க. சம்பளத்த சமமாக்கறேன்னு சொல்லி யாரோட சம்பளத்தயும் குறைக்கக்கூடாதுன்னு அதே 3வது பிரிவுல இருக்கு, இத அவருக்கு காட்டுங்க. தன் சம்பளம் போகாதுன்னு தெரிஞ்சா மனுசங்க உண்மைய சொல்ல தயங்கறது கொஞ்சம் கம்மியாகும்.

எங்க போறதுன்னு பாக்கலாம். மொதல்ல வெண்டருக்கும் கம்பெனி ஹெச்ஆருக்கும் ஒரே பக்கத்துல லெட்டர், மெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும். கோவப்பட்டு எழுத வேண்டாம். "நானும் இன்ன தேதில சேர்ந்த இன்னாரும் ஒரே மாதிரியான வேலை பாக்கறோம், சம்பள வித்தியாசத்துக்கான காரணத்த 15 நாளுக்குள்ள எழுத்து மூலமா தெரிவிக்கவும், சரிசெய்து 2025 ஜூன்ல இருந்து பாக்கிய தரவும்"னு இருந்தா போதும். பதில் வரலன்னா தொழிலாளர் துறை. ஒப்பந்தத்துல "பெங்களூர் கோர்ட்டுக்கு மட்டுமே அதிகாரம்"னு போட்டிருப்பாங்க, அத காட்டி கர்நாடக எல்லைல இருக்கற அத்திப்பள்ளிய தாண்டி ஓட வைக்க பாப்பாங்க, நீங்க வேலை பாக்கறது ஓசூர்ல, அதனால கிருஷ்ணகிரி மாவட்ட தொழிலாளர் துறை ஆபீஸ்ல தான் குடுப்பீங்க.

திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தா போதும்னு பல பேர் நம்பறாங்க, வாசல்ல மனு எழுதறவங்களும் அப்படியே சொல்லி எழுதிக் குடுக்கறாங்க. போதாது. அது அப்படியே லேபர் ஆபீசுக்கு அனுப்பப்படும், அங்க இருந்து "மனுதாரர் உரிய அதிகாரியை அணுகவும்"னு ஒரு லெட்டர் வரும், அதுக்குள்ள மாசம் ஓடிடும். குறைதீர் ரசீது கேஸ் நம்பர் கிடையாது. ஊதிய சட்டத்தொகுப்போட 3வது பிரிவு, கிளெய்ம் போடறதுக்கான 45வது பிரிவுன்னு குறிப்பிட்டு கிளெய்ம் மனுவா குடுத்து, காப்பில சீலும் தேதியும் போட்டு வாங்குங்க, டபால்ல, அதாவது வர்ற பேப்பர் வாங்கற செக்‌ஷன்ல, சும்மா வெச்சுட்டு போங்கன்னா போகாதீங்க. மூணு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டத்துல எழுதி வெச்சிருக்காங்க. ஒரு ஆபீசர் ரெண்டு மூணு பொறுப்ப சேர்த்து பாத்துக்கிட்டு, எதிர்தரப்பு வக்கீல் ஒவ்வொரு தடவையும் வாய்தா கேட்டா, குடுத்துக்கிட்டே இருந்தா மூணு மாசம் எங்க முடியும்? ஒரு நாள் சம்பளத்த விட்டு ஓசூர்ல இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணுக்கு "இன்னிக்கு சார் மீட்டிங்ல இருக்கார்"ங்கறது எவ்ளோ பெரிய தண்டனைன்னு அங்க யாருக்கும் உறைக்கறதில்ல. அதனால ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிர்தரப்பு ஏன் வரலன்னு பதிவு பண்ணச் சொல்லுங்க, அடுத்த தேதிய எழுதி வாங்குங்க.

பணம் எவ்ளோன்னு கேட்டா, வித்தியாசம் முழுசா 8,000ன்னா வருஷத்துக்கு 96,000, பிஎஃப் பங்கு தனி. இதுக்கு மேல பாக்கித் தொகையப் போல பத்து மடங்கு வரைக்கும் நஷ்டஈடு போட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு, போடுவாங்கன்னு நம்பி கடன் வாங்காதீங்க, ஆனா மனுல கேக்காம விடாதீங்க. 2025 ஜூன்ல இருந்து நவம்பர் 20 வரைக்கும் பழைய 1976 சட்டப்படின்னும், 21ல இருந்து புது சட்டப்படின்னும் ரெண்டா பிரிச்சு கணக்கு போடுங்க, ஒண்ணா போட்டா "எந்த சட்டம்"னு கேட்டே ரெண்டு வாய்தா தள்ளிடுவாங்க.

வேலை போயிடுமான்னு கேட்டீங்க. போகாதுன்னு நான் உத்தரவாதம் குடுத்தா அது பொய். ஆனா நீங்களா விடாதீங்க. தூக்கினாங்கன்னா ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிச்சு சம்பளம் தரணும், உங்க கிளெய்ம் அப்பவும் உயிரோட தான் இருக்கும், மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. வக்கீல் வெக்க காசில்லன்னா கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். அங்க போகும்போது லெட்டர் காப்பி, தபால் ரசீது, கடைசி ஆறு மாச ஸ்லிப், ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு செட் எடுத்துட்டு போங்க, ஒரு செட்ட கண்டிப்பா வீட்டுல வெச்சுட்டு போங்க.